பதினேழாவது வெள்ளிக்கோடு

நேசக்குமாரின் அறைச் சுவரில் பதினொரு புகைப்படங்கள் தொங்கின. பதினொன்றிலும் நேசக்குமார் இருந்தார். பக்கத்தில் நிற்பவர்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் சோலார் செல் தயாரிக்கும் ‘கதிர்முத்து’ நிறுவனத்தின் முதலாளி அவர். காலை ஒன்பதரை மணிக்கே கோட்டும் டையும் போட்டு, பன்னிரண்டாவது படத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“கேஸ் ரொம்ப சிம்பிள் மேடம். எங்க டிசைனைத் திருடிச் சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வித்தது யாருன்னு எனக்கே தெரியும். நீங்க கண்டுபிடிச்சதா ஒரு ரிப்போர்ட் குடுத்தாப் போதும். இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள.”

“துப்பறியுற வேலையையும் சாரே முடிச்சிட்டாரு. ஸ்டேப்ளர் மட்டும் நாம கொண்டு வந்தாப் போதும் யக்கா,” என்றான் பெர்சி.

எமில்டா மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

எமில்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். நனைந்த சரக்கு எது, நனைக்கப்பட்ட சரக்கு எது என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. அதில் பொய்யின் ஈரம் நன்றாகப் பழகிவிட்டதால் இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருந்தாள். அவளுடைய ஒரே ஊழியன் பெர்சி நாசரேத்துக்காரன், பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். தலைமையாசிரியரின் ஆண்டு விழாப் பேச்சுக்கு நூற்றுக்கு முப்பத்து நாலு மார்க் என்று மைக்கிலேயே அறிவித்ததால், அந்த வேலை அவனை விட்டுப் போனது.

நேசக்குமார் மேஜையில் இரண்டு சோலார் செல்களை வைத்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, கருநீலச் சதுரங்கள். இரண்டின் முகத்திலும் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளிக் கோடுகள் நூற்றுக்கு மேல் ஓடின.

“இது எங்களோடது. இது சென்னைக்காரன் போன மாசம் மார்க்கெட்ல விட்டது. கோட்டுக்குக் கோடு அதே டிசைன். போட்டவ ஜெபசுதா. மூணு வருஷம் என் கம்பெனியில உக்காந்து படிச்சிட்டு எனக்கே துரோகம். சஸ்பெண்ட் பண்ணி, கேன்டீன் வாசல் நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. டிசைன் தன்கிட்ட இருந்துதான் வெளிய போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, போலீசுக்குப் போக மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“பெரிய மனசு சார்,” என்றான் பெர்சி.

நேசக்குமார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். “மூணு மணிக்கு, எங்ககூடச் சேர வர்ற வெளிநாட்டுக் கம்பெனியோட வக்கீல் ஷெர்லி வாராங்க. அவங்க கையில ரிப்போர்ட் இருக்கணும்.”

எமில்டா எழுந்து சுவர்ப்படங்களை வரிசையாகப் பார்த்தாள். கடைசிப் படத்தில் நேசக்குமார் ஒரு மீனவருக்குக் கண்ணாடிபோல் பளபளக்கும் ஷீல்டு ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘தருவைகுளம், படகுகளுக்கு சோலார் விளக்கு வழங்கும் விழா, ஜூன் 29’ என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் படத்துக்கு அடியில் இருந்த அலமாரித் தட்டில் மெல்லிய தூசி. தூசிக்கு நடுவே, துடைத்து வைத்ததுபோல் ஒரு சுத்தமான சதுரம்.

“இங்க ஏதோ இருந்திருக்குபோல,” என்றாள்.

“ஃப்ளவர் வாஸ் மேடம். உடைஞ்சிட்டு.”

சதுரமான பூச்சாடியை எமில்டா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் சொல்லவில்லை. இரண்டு செல்களையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

ஜெபசுதாவின் வீடு மில்லர்புரத்தில் இருந்தது. முப்பத்து நாலு வயது. நான்கு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை.

“நான் செய்யலக்கா,” என்றாள் கதவைத் திறந்ததும். “எங்க அப்பா சாத்தான்குளத்துல நாப்பது வருஷம் வாத்தியார். நேத்து அவரு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனா, அவருகூட ஒரே பெஞ்சுல உக்கார ஆளில்ல.”

“செஞ்சியா இல்லியான்னு நான் கேக்கலியே. முதல்ல அந்தக் கோடு எதுக்குன்னு சொல்லு. எனக்குப் புரியுற மாதிரி.”

ஜெபசுதா ஒரு நிமிடம் யோசித்தாள். “உப்பளத்தை நினைச்சுக்கோங்க. பாத்திக்குத் தண்ணி பாய வாய்க்கால் வேணும். வாய்க்கால் வெட்டுற இடத்துல உப்பு விளையாது. நிறைய வெட்டினா விளையுற இடம் போச்சு. கம்மியா வெட்டினா தண்ணி வந்து சேராது. செல்லும் அப்படித்தான். வெயில் பட்டா உள்ள கரண்டு பிறக்கும். அதை வெளிய கொண்டு வர மேல வெள்ளிக் கோடு வேணும். ஆனா கோடு விழுந்த இடத்துல நிழல். கோட்டைக் குறைச்சா, வெளிய வர வழி தேடியே பாதிக் கரண்டு சூடாகி வீணாகுது.”

“அப்ப நீ என்ன செஞ்ச?”

“எல்லாரும் கோட்டை ஒரே அகலத்துல போடுவாங்க. நான் நுனியில ஒல்லியாவும், கரண்டு வந்து சேருற பெரிய கோட்டுப் பக்கம் அகலமாவும் போட்டேன். எந்த இடத்துல எவ்வளவு கரண்டு ஓடுதோ அந்த அளவுக்கு மட்டும் வெள்ளி. எவ்வளவு இடைவெளின்னு கண்டுபிடிக்கத்தான் மூணு வருஷம். நிழல்லயும் சூட்டுலயும் போன சக்தியில அஞ்சுல ஒரு பங்கு மிச்சமாச்சு.”

“இதுக்கு நூத்துக்கு நூறு,” என்றான் பெர்சி. அவன் அதை யாருக்கும் போட்டதில்லை.

எமில்டா மேஜையில் செல்களை வைத்து, கைப்பையில் இருந்த லென்ஸை எடுத்தாள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகும் அந்தச் சின்ன லென்ஸ் இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. கதிர்முத்து செல்லை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள். பிறகு சென்னைச் செல். பத்து நிமிடம் ஆயிற்று.

“ஏலே பெர்சி, இங்கன பாரு. மேல இருந்து பதினேழாவது கோடு. இடது பக்கம்.”

பெர்சி குனிந்தான். சென்னைச் செல்லின் பதினேழாவது கோடு ஓர் இடத்தில் சட்டென்று ஒடுங்கி, மறுபடி விரிந்தது. கதிர்முத்து செல்லில் அந்த ஒடுக்கம் இல்லை.

ஜெபசுதா பேட்டன்ட் மனுவுக்குக் கொடுத்த வரைபடத்தின் நகலை எடுத்து விரித்தாள். அதிலும் இல்லை. “இது என் டிசைனே இல்லக்கா. இப்படி ஒடுங்கினா அந்த இடத்துல கரண்டு முட்டிக்கிட்டு நிக்கும். இது தப்பு.”

“தப்பா?” பெர்சி தன் பையில் இருந்து சென்னைக் கம்பெனியின் விளம்பரத் தாளை எடுத்தான். “அவன் வேற மாதிரி சொல்லுதான். கேளுங்க. ‘பதினேழாவது கோட்டில் எங்கள் விஞ்ஞானிகள் உருவாக்கிய தனிச்சிறப்பு வாய்ந்த மெல்லிடை வடிவமைப்பு.’”

ஜெபசுதா சிரித்துவிட்டாள். நான்கு நாளில் முதல் சிரிப்பு. பாதியில் அது அழுகையாகிவிட, முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள்.

எமில்டா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். “நீ வித்திருந்தா கம்ப்யூட்டர் ஃபைலை வித்திருப்ப. ஃபைல்ல இந்தக் குறை இல்ல. அப்ப அவன் கையில கிடைச்சது ஃபைல் இல்ல. குறையோட அச்சான ஒரு செல். அதைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சிருக்கான். எது தப்பு, எது டிசைன்னு அவனுக்குத் தெரியல. அந்தக் கோடு எப்படி ஒடுங்கிச்சின்னு யாருக்குத் தெரியும்?”

“அச்சுப் போடுற முத்துக்கனிக்குத் தெரியும்.”

ஜெபசுதா போனை ஸ்பீக்கரில் போட்டாள். முத்துக்கனியின் குரல் இயந்திரச் சத்தத்துக்கு மேலே வந்தது.

“பதினேழா? அந்தச் சனியனை மறக்க முடியுமாக்கா? ஜூன் மாசம் அச்சு ஸ்கிரீன்ல வெள்ளிப் பேஸ்ட்டு காஞ்சு அடைச்சிக்கிட்டு. ஒரே நாள்தான். மறுநாளே ஸ்கிரீனை மாத்தியாச்சு. அன்னைக்கு அச்சான செல்லு அம்புட்டையும் கழிச்சு, பெட்டியில போட்டு ஓரமா வச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா பெட்டியக் காணோம். உடைக்கக் கொண்டு போயிருப்பாவன்னு விட்டுட்டேன்.”

“ஜூன்ல என்னைக்கு?” என்றாள் எமில்டா.

“இருபத்தி நாலு. எங்க அக்கா மவளுக்குக் கல்யாணம். நான் லீவு கேட்டுத் தரலியே, எப்படி மறப்பேன்?”

ஜூன் இருபத்தாறில் பெட்டி மாயம். ஜூன் இருபத்தொன்பதில் ஒரு ஷீல்டு. எமில்டா எழுந்துவிட்டாள்.

“எங்க யக்கா?”

“தருவைகுளம். ஃப்ளவர் வாஸ் பாக்க.”

*

படத்தில் ஷீல்டு வாங்கிய மீனவர் மனுவேல். தருவைகுளத்தில் இரண்டு படகு வைத்திருந்தார், படகு உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். கரையில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தவர், ஷீல்டு என்றதும் கையில் இருந்ததைக் கீழே போட்டார்.

“இன்னும் அந்தக் கதை முடியலியாம்மா? அதான் போன வாரமே டிரைவர் வந்து வாங்கிட்டுப் போனானே.”

“எதுக்காம்?”

“பேருல எழுத்துப்பிழை இருக்காம். திருத்தித் தாராவளாம். எனக்கு மட்டுமில்ல, அன்னைக்கு ஷீல்டு வாங்குன எங்க ஊர்க்காரவ பன்னெண்டு பேர்கிட்டயும் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டான்.”

“பன்னெண்டு பேரு பேரும் ஒரே நேரத்துல பிழையாயிட்டு. பாவம், தமிழுக்கு வந்த சோதனை,” என்றான் பெர்சி.

எமில்டாவின் முகம் வாடியது. மணி பன்னிரண்டரை. சங்கிலியின் கடைசிக் கண்ணி போன வாரமே டிரைவரின் பையில் ஏறிப் போய்விட்டது.

அப்போது வீட்டு வாசலில் இருந்து மனுவேலின் மனைவி பிளாரன்ஸ் மெல்லிய குரலில், “அவன் கொண்டு போனது அது இல்ல,” என்றாள்.

மனுவேல் திரும்பினார். “ஏளா, என்ன சொல்லுத?”

“நீங்க போன வருசம் கேரம் போட்டியில வாங்குனீயள்லா, அந்த ஷீல்டைத்தான் குடுத்துவிட்டேன்.”

“என் கேரம் ஷீல்டையா?”

“வேற என்ன செய்ய? இதைக் குடுத்தா நம்மள என்ன நினைப்பாவ?” பிளாரன்ஸ் உள்ளே போய் ஒரு மண்பானையைத் தூக்கி வந்தாள். பானை நிறைய நெத்திலிக் கருவாடு. பானை வாயை மூடியிருந்தது அந்தக் கண்ணாடி ஷீல்டு. “பூனை மூடியைத் தட்டிவிட்டுட்டுத் திங்குது. இதுதான் நல்ல கனமா இருந்துச்சு. அஞ்சு மாசமா கருவாட்டு மேல கிடக்கு. எம்புட்டுக் கழுவினாலும் வாடை போவல.”

“டிரைவர் பிரிச்சுப் பாக்கலியா?” என்றான் பெர்சி.

“கருவாடு சுத்துன பேப்பர்லதான் மடிச்சுக் குடுத்தேன். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டான்.”

இந்தியாவின் மிக ரகசியமான சோலார் டிசைன் ஐந்து மாதமாக ஒரு பூனையிடமிருந்து நெத்திலியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எமில்டா அதை முந்தானையால் துடைத்தாள். கண்ணாடிக்குள் முழுசாக ஒரு சோலார் செல். பக்கத்தில், செல்லைவிடப் பெரிதாக, சிரித்த முகத்துடன் நேசக்குமார். லென்ஸை வைத்துப் பதினேழாவது கோட்டுக்குப் போனாள்.

ஒடுங்கியிருந்தது.

“நல்ல செல்லைப் பரிசாக் குடுக்க மனசு வரல,” என்றான் பெர்சி. “கழிச்சுப் போட்டதைக் கண்ணாடியில போட்டுக் குடுத்திருக்காரு. அண்ணாச்சி, அன்னைக்கு வேற யாரு யாரு வாங்கினா?”

“எனக்கு அடுத்து கோட்டு போட்ட மெட்ராஸ்காரர் ஒருத்தர். அவரும் சோலார் கம்பெனிதானாம். என் மவன் வீடியோ புடிச்சான்.” மனுவேல் போனைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

திரையில் மேடை தெரிந்தது. நேசக்குமார் ஒரு கையில் ஷீல்டையும் மறு கையில் மைக்கையும் பிடித்திருந்தார். எதிரே சென்னைக்காரர் பணிவாக நின்றார். நேசக்குமாரின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது.

“எங்க கம்பெனியோட பெரிய ரகசியத்தையே உங்க கையில குடுக்கேன். முடிஞ்சா செஞ்சு காட்டுங்க பார்ப்போம்!”

கூட்டம் கைதட்டியது. சென்னைக்காரர் சொன்ன வேலையைத் தட்டாமல் செய்திருக்கிறார்.

பெர்சி போனை மெல்லக் கீழே வைத்தான். பிறகு மறுபடி எடுத்து, அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான்.

*

மூன்று மணிக்கு நேசக்குமாரின் அறையில் வக்கீல் ஷெர்லி உட்கார்ந்திருந்தார். மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி. கதவருகே நாற்காலியில் ஜெபசுதா. எமில்டா வரச் சொல்லியிருந்தாள்.

“இவளை எதுக்கு உள்ள விட்டீங்க?” என்றார் நேசக்குமார்.

“ரிப்போர்ட்ல பேர் வர்ற ஆள் இருக்கணும்லா சார்?” எமில்டா பையைத் திறந்து ஷீல்டை எடுத்துக் கண்ணாடி மேஜையின் நடுவில் வைத்தாள். ஏ.சி. அறை முழுவதும் நெத்திலி வாடை பரவியது.

நேசக்குமாரின் முகத்தில் அதுவரை எந்தப் படத்திலும் பதிவாகாத ஒரு பாவம் வந்தது.

எமில்டா நான்கு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள். பெர்சி வீடியோவை ஓடவிட்டான். ‘முடிஞ்சா செஞ்சு காட்டுங்க’ வந்ததும், இன்னும் ஒரு முறை ஓடவிட்டான். காது கேட்காதவர்களுக்காக என்று காரணம் சொன்னான். அறையில் அப்படி யாரும் இல்லை.

“ஒரு ஞாபக மறதி,” என்றார் நேசக்குமார். “ஒரு ஷீல்டு குடுத்தது பெரிய குத்தமா? சரி, இந்தப் பொண்ணு மேல இருந்த சந்தேகத்தை விட்டுடுறேன். முடிஞ்சு போச்சு.”

“முடியலை. எனக்கு ஒரு விஷயம் புரியல,” என்றாள் எமில்டா. “உண்மையிலேயே மறதின்னா, போன வாரமே ஷீல்டை எல்லாம் திரும்ப வாங்க டிரைவரை அனுப்பியிருக்க மாட்டீங்க. ஷீல்டுதான் வெளிய போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் இந்தப் பிள்ளையைப் பிடிச்சீங்க. போலீசும் வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம். ‘என்கிட்ட இருந்துதான் போச்சு’ன்னு ஒரு கையெழுத்து மட்டும் வேணும். அது ஏன்?”

ஷெர்லி கேட்டார்: “பேட்டன்ட் மனு எப்போ போட்டீங்க?”

ஜெபசுதாதான் சொன்னாள். “ஆகஸ்ட் பதினாலு.”

ஷெர்லி பேனாவை மூடினார். “அப்போ எனக்குப் புரியுது. மனு போடுறதுக்கு முன்னாடியே ஓனரே டிசைனை ஊருக்குக் காட்டிட்டா, அப்புறம் அதுக்கு உரிமை கேக்க முடியாது. ஆனா யாராவது திருடி வெளியிட்டிருந்தா, உரிமையைக் காப்பாத்த வழி இருக்கு.” அவர் நேசக்குமாரைப் பார்த்தார். “உங்களுக்கு ஒரு திருடி வேணும்னு இருந்திருக்கு. இல்லைன்னதும் ஒருத்தியைத் தயார் பண்ணியிருக்கீங்க.”

துப்பறிவாளர்களையும் திருடியைக் கண்டுபிடிக்க நேசக்குமார் கூப்பிடவில்லை. திருடிக்கு முத்திரை குத்தத்தான் கூப்பிட்டிருந்தார். எமில்டாவுக்கு இருபத்திரண்டு வருடம் பார்த்த சரக்கு ஞாபகம் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு மழையைக் குற்றம் சொல்கிற அதே ஆள்தான். இவர் கோட்டு போட்டிருந்தார், அவ்வளவுதான்.

“அப்ப என் டிசைன்?” என்றாள் ஜெபசுதா. “அது யாருக்குமே சொந்தம் இல்லையா மேடம்?”

ஷெர்லி அவள் பக்கம் திரும்பினார். “இல்லைம்மா. இனி யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்.”

ஜெபசுதா ஷீல்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை கணக்குகள், கழித்துப் போட்ட எத்தனை செல்கள். பெர்சிகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“போடட்டும்,” என்றாள் கடைசியில். “நாலு வீட்டுல கூடக் கொஞ்சம் விளக்கெரிஞ்சா சரி. அந்தத் தப்பை மட்டும் திருத்திட்டுப் போடச் சொல்லுங்க.”

பிறகு எழுந்து நேசக்குமார் முன்னால் வந்து நின்றாள். “சார், என்னைத் திருடின்னு எழுதி கேன்டீன் வாசல்ல ஒட்டியிருக்கீங்க. அதே இடத்துல, அதே அளவு எழுத்துல, நான் செய்யல, நீங்கதான் குடுத்தீங்கன்னு எழுதி ஒட்டணும். உங்க கையால. இப்பவே.”

நேசக்குமார் ஷெர்லியைப் பார்த்தார். ஷெர்லி தன் பேனாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார்.

நாலே காலுக்குத் தேநீர் மணி அடித்தது. ஷிஃப்டில் இருந்த எல்லோரும் கேன்டீன் வாசலில் கூடிவிட்டார்கள். முத்துக்கனி முன்னால் நின்று, புதிய தாளை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்தாள். ‘என் கவனக்குறைவால்’ என்று வந்த இடத்தில் மூச்சு வாங்கி, மறுபடி முதலில் இருந்து வாசித்தாள். ஜெபசுதா அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துச் சாத்தான்குளத்துக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் போன் அடித்தது. “அப்பா,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள். வெகுநேரம் அவர்தான் பேசினார்.

அவள் பேசி முடிக்கும்வரை நேசக்குமார் பக்கத்திலேயே காத்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி கைநழுவாமல் இருக்க வேண்டுமானால் அடுத்த டிசைன் வேண்டும். அதைப் போட இந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.

“பழசை மறந்திரும்மா,” என்றார், கேமராவுக்குச் சிரிக்கும் அதே சிரிப்போடு. “நாளைக்குக் காலையில வழக்கம்போல வேலைக்கு வந்திரு. என்ன?”

“நாளைக்குக் கண்டிப்பா வாரேன் சார்,” என்றாள் ஜெபசுதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ராஜினாமாவை நேர்ல குடுக்கணும்லா.”